நல்லிணக்கக் கொட்டில்

மன்னார்த் தீவில் பெண்கள் போகக்கூடிய கக்கூஸ் எங்கெங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பேசாலையில் ஐஸ் விற்கிற வீட்டுக்காரி முகம் சுளிக்காமல் விடுவார். அதைத் தாண்டி மேற்கே போனால் திரும்பி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். தீவுக்கு வெளியே, நானாட்டான் பக்கம் ஓர் அரசாங்கக் கந்தோரில் நல்ல கக்கூஸ் உண்டு. ஆனால் அது பூட்டியிருக்கும், திறப்பு பியோனிடம் இருக்கும், பியோன் எப்போதும் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். இந்த அறிவை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குத் தரவில்லை. ஆய்வாளர்களுக்குப் பின்னால் வருடக்கணக்காக அலைந்து நானே சேர்த்துக்கொண்டது.

என் வேலை மொழிபெயர்ப்பு. கொழும்பில் இருந்தும் கடல் கடந்தும் ஆய்வாளர்கள் வருவார்கள். இனம், பால்நிலை, சிறுபான்மையினரின் அனுபவம் என்று தலைப்பு இருக்கும். தலைப்பு மாறினாலும் கேள்வி மாறாது. ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது, அவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சொல்வது, வெயிலில் வான் வண்டியில் ஏறி இறங்குவது, இவ்வளவும் நான். வெளியே போகிற நாளில் காலையில் இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டேன். குடித்துவிட்டு எங்கே போவது?

எங்கள் வீடு தாராபுரத்தில். ஆனால் நான் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டில்கள் நெருக்கியடித்து நின்ற ஒரு முகாமில். போர்க்காலத்தில் வடக்கில் இருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது வாப்பாவும் உம்மாவும் உடுத்த உடுப்போடு போனவர்கள். நான் பெரியவளான பிறகுதான் ஊருக்குத் திரும்பினோம். ஆகவே ஊரில் வேறு யாரும் அகப்படாத நாளில் ஆய்வாளர்களுக்கு எங்கள் வீடே களம். சொல்லிச் சொல்லி உம்மாவுக்கு அந்தக் கதை பாடமாகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரே இருப்பவர் பேனையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைப்பார் என்றுகூடத் தெரியும். உம்மாவின் கண்ணீர் பொய்யில்லை. அது ஒவ்வொரு தரமும் உண்மையாகவே வருகிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். வந்தவர் போன பிறகு உம்மா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடமாட்டார். வந்தவர் தங்குமிடத்துக்குப் போய் நண்டுக் கறி கிடைக்குமா என்று கேட்பார்.

ஒருநாள், "ஊரைவிட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்ட ஓர் இளம் பெண்ணிடம் உம்மா, "உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுதோ மகள்?" என்று திருப்பிக் கேட்டார். அது தன் தனிப்பட்ட விஷயம் என்று அந்தப் பெண் சொன்னார். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது கருவாட்டு வாடியின் கதை.

கொழும்பில் இருந்து ஒரு கலாநிதி வந்தார், முனைவர் பட்டம் பெற்ற பெண். என் வயதுதான் இருக்கும். நல்ல மனம், மெல்லிய குரல், யாரைக் கண்டாலும் கையெடுத்துக் கும்பிடுவார். அவர் என்ன இனம் என்று நான் கேட்கவில்லை. அவர் மட்டும் எல்லோரிடமும் கேட்டார். இந்தக் கரையில் கத்தோலிக்கப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒருவரை ஒருவர் நம்புகிறார்களா என்பதுதான் அவருடைய ஆய்வு. இரண்டு பகுதியாரும் ஒன்றாக வேலை செய்கிற இடம் வேண்டும் என்றார். பேசாலைக்குக் கொஞ்சம் இப்பால், கடற்கரையில் ஒரு முதலாளியின் வாடி இருக்கிறது. படகில் வருகிற மீனை அங்கே வெட்டி, உப்புப் போட்டு, கருவாடாகக் காயவைப்பார்கள். வெட்டுகிறவர்கள் முழுக்கப் பெண்கள். அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த வாடியில் எனக்கு இரண்டு பேரை நன்றாகத் தெரியும். ஒருவர் பேசாலை அக்கா, கத்தோலிக்கர், புருஷன் இல்லை, வாடிதான் அவருடைய சீவியம். மற்றவர் எங்கள் ஊர் முஸ்லிம், நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர். அக்காவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஆளுக்கொரு கத்தியோடு நாள் முழுக்க வாயும் கையும் ஓயாமல் வேலை செய்கிறவர். அக்காவுக்கு அந்த வருடம் சிறுநீரகத்தில் வருத்தம் கண்டிருந்தது. திரும்பத் திரும்பக் கிருமி தொற்றுகிறது, தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் குடித்தால் போக இடமில்லை. முன்பு வாடிக்குப் பின்னால் உடைமரப் பற்றைகள் இருந்தன. ஒருத்தி போக இன்னொருத்தி சீலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு அந்தப் பக்கம் பாதை போட வந்தவர்கள் பற்றைகளை மொட்டையாக வழித்துவிட்டார்கள். இப்போது கடலில் இருந்து பார்த்தாலும் தெரியும், பாதையில் இருந்து பார்த்தாலும் தெரியும். ஆண்களுக்கு ஒரு கவலையும் இல்லை, படகின் மறுபக்கம் போய் நின்றால் முடிந்தது. பெண்கள் விடிய வந்து பொழுது சாயும்வரை நா நனைக்காமல் இருந்தார்கள்.

கலந்துரையாடல் தொடங்கியது. வெயிலுக்குக் கட்டிய தரப்பாளுக்குக் கீழே பெண்கள் வட்டமாக இருந்தார்கள். கலாநிதி தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார், குளிரக் குளிர. எல்லோரும் சிரித்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரும் மூடியைத் திறக்கவில்லை.

"உங்களுக்கிடையே நம்பிக்கை எப்படி இருக்கிறது?" என்று கலாநிதி கேட்டார்.

"நம்பிக்கைக்கு என்ன குறை மிஸ்?" என்றார் அக்கா. "எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தாங்கோ."

"வேலைத்தலத்தில் மத அடையாளம் காரணமாக ஏதாவது சங்கடம் உண்டா?"

"சங்கடம் ஒண்டுதான். அவசரத்துக்குப் போக இடமில்லை," என்றார் ராத்தா. "எங்களுக்கும் இல்லை, அவையளுக்கும் இல்லை. அதில வித்தியாசம் இல்லை மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். கலாநிதியும் சிரித்தார். பிறகு கேள்வித்தாளில் அடுத்த கேள்விக்குப் போனார். நான் வெயிலில் தொண்டை காய்ந்துபோய், நம்பிக்கை, அடையாளம், சகவாழ்வு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கக்கூஸ் என்று பதில் வந்தது. நான் அதையும் ஒவ்வொரு தரமும் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். கடைசியில் அக்காவுக்கே பொறுக்கவில்லை.

"மிஸ், டொக்டர் என்னைத் தண்ணி குடி எண்டுறார். குடிச்சா வேலைய விட வேணும். வேலைய விட்டா என்னத்தைத் தின்னிறது? நீங்கள் பெரிய இடங்களில கதைக்கிற ஆள். எங்களுக்காக ஒரு சொல் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

கலாநிதி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் குரல் நிச்சயம் கேட்கப்படும் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நானும் அதை நம்பித்தான் மொழிபெயர்த்தேன்.

வானில் ஏறியதும் கலாநிதி வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை, கவனித்தீர்களா?" என்றார்.

"கக்கூஸ் இல்லையே மிஸ். அதனால்தான்."

"அது அவர்கள் சொல்கிற காரணம்," என்றார். பெரியவர்கள் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் முன்னால் உண்பதும் குடிப்பதும் நம்பிக்கையின் ஆழமான அடையாளமாம். இரண்டு சமூகத்துப் பெண்கள் ஒரே வட்டத்தில் இருந்தும் ஒருவர்கூட வாய் நனைக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ உறைந்து போயிருக்கிறதாம்.

"மிஸ், நானும் குடிக்கவில்லை. காலையில் இருந்து குடிக்கவில்லை. நீங்கள் தந்த போத்தல் இந்தா, என் பையில் இருக்கிறது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. அவ்வளவு இரக்கம். "நீங்களும் அந்தச் சமூகத்தவர்தானே," என்றார் மெல்லிய குரலில். சொல்லிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். அவருக்கு அவசரம் வந்தபோது வானைத் திருப்பித் தங்குமிடத்துக்கு விடச் சொன்னார். நாங்கள் போனோம். இறங்கி ஓடினார். நானும் பின்னால் இறங்கி ஓடினேன், பொய் சொல்ல என்ன இருக்கிறது.

அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், அட்டையில் அக்காவின் உப்புப் படிந்த கை. வாடியில் இரு தரப்புப் பெண்களும் ஒருவர் முன்னிலையில் மற்றவர் தண்ணீர் அருந்தத் தயங்கினார்கள், ஆறாத அவநம்பிக்கையை இது காட்டுகிறது என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. கக்கூஸ் பற்றியும் இருந்தது. பின்னால், சிறிய எழுத்தில், ஏனைய தேவைகள் என்ற தலைப்பில், தெருவிளக்குக்கும் நாய்த் தொல்லைக்கும் நடுவே. நான் அதைக் கொண்டுபோய் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ர கை வடிவா வந்திருக்கு," என்றார். 

ஆய்வுக்குக் காசு கொடுத்த அமைப்பு அந்தப் பக்கத்தை வாசித்து உருகிவிட்டது. இந்தப் பெண்கள் ஒன்றாகத் தண்ணீர் குடிப்பதில்லையா? குடிக்கப் பழக்குவோம். வாடியில் ஒரு நல்லிணக்கத் தேநீர்க் கொட்டில் கட்டுவது என்று முடிவாயிற்று. எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது முதலில் பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாகக் கக்கூஸ் கட்டுங்கள் என்று சொன்னேன். கெஞ்சினேன். பிறகு சத்தமும் போட்டேன். சுகாதார வசதிகள் தங்கள் திட்டத்துக்குள் வராது, நல்லிணக்கம் மட்டும்தான் வரும் என்றார்கள்.

முதலாளியிடம் போய்க் கேட்டால், கடற்கரையில் எதைக் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும், கந்தோர் கந்தோராக அலைய அவருக்கு நேரமில்லை. "பொம்பிளையள் வீட்ட போய்ப் போகலாம்தானே," என்றார். பேசாலையில் இருக்கிறவர்களுக்கே வீடு தூரம். தாராபுரத்து ராத்தா கக்கூஸுக்குப் போக பஸ் ஏறுவதா? ஆனால் தேநீர்க் கொட்டிலுக்கு மட்டும் அனுமதி சுளுவாக வந்தது. அமைப்பின் கடிதத்தில் நல்லிணக்கம் என்று இருந்ததல்லவா, அந்தச் சொல்லைக் கண்டால் எல்லா முத்திரையும் தானாக விழும்.

கொட்டில் எழுந்தது. சீமெந்துத் தரை, அரைச் சுவர், தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, ஒரு பெரிய கேத்தல், புறாப் படம் போட்ட கோப்பைகள். வாசலில் மூன்று மொழியிலும் எழுதிய பெரிய தகரப் பலகை. திறப்பு விழாவுக்குப் பாதரும் மௌலவியும் வந்து சேர்ந்து நாடா வெட்டினார்கள். இருவரும் பாவம், அழைத்ததால் வந்தவர்கள். ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்து, குடிங்கோ, சிரிங்கோ, இன்னொருக்காக் குடிங்கோ என்று படம் எடுத்தார்கள். அக்கா உதட்டை நனைத்தார். படக்காரர் திரும்பியதும் மிச்சத்தை மணலில் ஊற்றினார். அவருக்குப் பக்கத்தில் ராத்தாவும் ஊற்றினார். அதன் பிறகு அந்தக் கேத்தலை யாரும் தொடவில்லை. கொட்டிலுக்குள் கழுதைகள்தான் நிழலுக்கு வந்து நின்றன.

அடுத்த மாதம் அக்காவை மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்பை அசைக்க முடியாத நோவு. நானும் ராத்தாவும் பார்க்கப் போனோம். டொக்டர் எங்கள் இருவரையும் அவருடைய சொந்தக்காரர் என்று நினைத்து ஏசினார். ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகத் தொடங்கிவிட்டது, இனியும் இப்படித் தாகத்தோடு வேலை செய்தால் மற்றதும் போகும், பிறகு என்னிடம் வராதீர்கள் என்றார். அக்கா கட்டிலில் இருந்தபடி, "சரி டொக்டர்," என்றார். டொக்டர் போனதும், "வாற கிழமை வேலைக்கு வந்திடுவன்," என்று ராத்தாவிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபத்தில் வந்த அழுகை. ராத்தா அழவில்லை. வெளியே வந்ததும், "அந்தக் கொட்டிலுக்கு அத்திவாரம் போட்டது ஆர்? என்ர தம்பி. அவனுக்குக் குழி வெட்டத் தெரியாதோ?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். வாடி வெறிச்சென்று இருக்கும். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவின் மருமகன் உழவு இயந்திரத்தில் கக்கூஸ் குழிக்கான கொங்கிரீட் வளையங்களைக் கொண்டுவந்து இறக்கினான். ராத்தாவின் தம்பி கொட்டிலின் தரையை உடைத்தான். பெண்கள் மணல் அள்ளினார்கள். அரைச் சுவருக்கு மேலே பழைய தகரங்களை நிமிர்த்திக் கட்டினார்கள். கதவுக்கு அளவான தகரம் தேடியபோது வாசல் பலகையைவிட நல்லது ஒன்றும் அகப்படவில்லை. அதைக் கழற்றிப் பிணைச்சல் போட்டு மாட்டினார்கள். கேத்தல் உள்ளே கால்கழுவப் போனது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "நான் ஒண்டும் காணேல்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு தண்ணீர்த் தாங்கி மட்டும் அனுப்பிவைத்தார்.

அக்கா திரும்பி வந்து முதல் நாளே இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் யாருக்குப் பொறுக்கும்? அமைப்பில் இருந்து கண்காணிப்பு அதிகாரி வந்தார். தேநீர்க் கொட்டில் எந்த அளவுக்கு மனங்களை இணைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சிங்களமும் ஆங்கிலமும் பேசுகிற இளைஞர், தமிழ் தெரியாது. கொழும்பில் இருந்து வரும்வரை வெயிலுக்குப் பயந்து போத்தல் போத்தலாகக் குடித்துக்கொண்டு வந்திருந்தார். மன்னாரில் என்னை ஏற்றிக்கொண்டார்.  கண்ணால் காணட்டும் என்று இருந்தேன்.

கண்டார். மூன்று மொழியில் நல்லிணக்கம் என்று எழுதிய பலகை ஆடி ஆடித் திறக்க, அதற்குள்ளிருந்து ஒரு பெண் கேத்தலோடு வெளியே வந்தாள். அவருடைய முகம் சிவந்தது. இது என்ன, யார் அனுமதி கொடுத்தது என்று என்னிடம் ஆங்கிலத்தில் கத்தத் தொடங்கினார். பெண்கள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். பாதியிலேயே அவருடைய குரல் இறங்கியது. ஒரு காலில் இருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். சுற்றிவரப் பார்த்தார். பத்து அடிக்கு ஒரு பெண், மொட்டைக் கடற்கரை, படகுகள் எல்லாம் கடலில். என் பக்கம் குனிந்து, இங்கே வேறு எங்காவது போகலாமா என்று கேட்டார்.

வேறு எங்கும் இல்லை என்றேன். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சொன்னதில்லை.

உள்ளே போனார். கதவுக்குக் கொளுக்கி இல்லாதபடியால் வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அக்கா போய்ப் பலகையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றப் பெண்கள் மரியாதைக்காகக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். வெளியே வந்தவருக்கு ராத்தா தண்ணீர் வார்த்தார். அவர் கை கழுவினார், கைக்குட்டையில் துடைத்தார், சேர்ட்டைச் சரிசெய்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: நன்கொடையாளர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள். அதற்குள் இதை இடித்து மூடி, பழையபடி தேநீர்க் கொட்டிலாக்க வேண்டும். இவர்களுக்கு விளங்கும்படி இப்போதே சொல்லுங்கள்.

அவருடைய கையில் ஈரம்கூடக் காயவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்னவாம் சேர்?" என்று அக்கா கேட்டார். அவர் அன்று காலையில் இருந்து குடித்த வெறும் போத்தல் இடுப்புச் சீலையில் செருகியிருந்தது. இத்தனை வருடத்தில் யார் சொன்னதையும் ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ நான் மொழிபெயர்த்ததில்லை. உம்மாவின் கண்ணீரைக்கூட அப்படியே கொடுத்தவள் நான்.

"கதவுக்கு உள்ளுக்கு ஒரு கொளுக்கி போடட்டாம்," என்றேன். "ஆக்கள் வெளியில நிண்டு பிடிக்கிறது சரியில்லையாம்."

அக்கா அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். "ஓம் சேர், அது எங்களுக்கும் கரைச்சல்தான். நாளைக்கே செய்விக்கிறம்."

அதிகாரிக்குத் திருப்தி. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

"நாளைக்கே செய்விக்கிறார்களாம்," என்றேன்.